அரக்கோணக் குகை

'வெள்ளி, காலை பத்து மணி. அரக்கர் நால்வரும் அரக்கோணக் குகைக்கு.'

தபால் கார்டில் இருந்தது இவ்வளவுதான். மகள் அமிர்தவள்ளியின் குண்டு குண்டான எழுத்தை மூன்றாம் தடவையும் படித்துவிட்டு நந்தகோபால் சிரித்தார். அவர் சிரித்தால் தறிக்கூடத்து ஆட்கள் தறியை விட்டுத் தலை நிமிர மாட்டார்கள்.

"கொண்டுபோய்ப் பொட்டியில போட்டுடு. ஒண்ணும் தெரியாத மாதிரி இரு" என்று கார்டை மேஸ்திரி கன்னியப்பனிடம் திருப்பிக் கொடுத்தார்.

குடியாத்தத்தில் பன்னிரண்டு பவர்லூம் ஓட்டி லுங்கி நெய்கிற மனிதர். ஒரே பெண். அவளோ ஆம்பூர் ஷூ பாக்டரியில் தோல் வெட்டுகிற தானியேலைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

மூன்று வாரமாக அவளை அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். வாசலில் கன்னியப்பனும் இன்னும் இரண்டு தறி ஆட்களும் காவல். வெளியே போவதற்கு அனுமதி இருந்தது, வாணியம்பாடித் தோழி ரஃபத் ஜஹானுக்கு அவள் எழுதும் கார்டுக்கு மட்டும்தான். அதையும் ஜன்னல் வழியாகக் கன்னியப்பன் கையில்தான் கொடுப்பாள்.

"இது இன்னாடி எழவு ஆட்டம்? அரக்கன், குகை, சுரங்கம்னு" என்று மனைவி சாவித்திரியை முதல் கார்டிலேயே மடக்கியிருந்தார்.

"ரஃபத்தோட மாமா தோல் யாவாரமா ஜெர்மனி போனப்ப வாங்கியாந்த ஆட்டமாம். பாதாளக் கோட்டை வரைஞ்ச ஒரு அட்டை. புதையல் எடுக்க வீரருங்க உள்ள பூருவாங்க, அரக்கருங்க தடுக்கணும். அந்தப் பொண்ணு வீரருங்களை நடத்தும். நம்ம பாப்பா அரக்கருங்களை ஏவும். இங்க போ, அங்க நில்லுன்னு கார்டுலயே எழுதும். அறைங்களுக்கு எல்லாம் நம்ம பக்கத்து ஊருங்க பேரு வெச்சிருக்குதுங்க."

ஊரை அடித்து உலையில் போட்ட நந்தகோபாலிடமா இந்த வேலை? காதலனுக்கு அரக்கன் என்று பெயர் வைத்தால் அப்பனுக்குச் சந்தேகம் வராது என்று நினைத்துவிட்டாள் கழுதை. ரஃபத்துக்குப் போகும் கார்டு தானியேல் கைக்குத்தான் போகிறது என்பதை அவர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

சோதித்தும் பார்த்துவிட்டார். போன கார்டில் 'செவ்வாய், லாங் பஜார் சுரங்கம், அரக்கர் இருவர்' என்று இருந்தது. வேலூர் லாங் பஜாருக்கு இரண்டு ஆட்களை அனுப்பினார். சொல்லி வைத்தாற்போல் தானியேல் ஒரு கூட்டாளியோடு வந்தான். ஆட்களைப் பார்த்ததும் கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து மறைந்துவிட்டான்.

"அரக்கோணக் குகைன்னா ஸ்டேஷன்தான். இந்த வாட்டி அவனும் தோஸ்துங்களும் நாலு பேரு. நாமளும் நாலு பேரு போறோம்" என்றார் நந்தகோபால்.

"மொதலாளி, கை காலை ஒடைச்சா போதாதா?" கன்னியப்பன் மென்று விழுங்கினான்.

"ஒடைஞ்ச காலு கூடிக்கும்டா. அரக்கோணத்துல நிக்காத கூட்ஸ் வண்டி ஜாஸ்தி. கால் தவறி வுழுந்துட்டான்னு எழுதிக்குவாங்க."

வெள்ளிக்கிழமை விடியற்காலை வண்டிக்கு மூன்று ஆட்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அறைச் சாவியைச் சாவித்திரியின் மடியில் போட்டார்.

"அவ வெளிய வந்தா உன்னையும் சேத்து உள்ள வெச்சிப் பூட்டிடுவேன்."

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் ஒரு எதிர்ப்பேச்சு பேசாதவள் சாவித்திரி. இப்போதும் தலையை மட்டும் ஆட்டினாள்.

அரக்கோணம் பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு தூண் ஓரமாக நால்வரும் நின்றார்கள். கன்னியப்பன் கையிலிருந்த சாக்குப் பையில் இரும்புக் கம்பி கிடந்தது. பத்து மணிக்கு ஒரு கூட்ஸ் வண்டி பிளாட்பாரமே அதிர நிற்காமல் ஓடியது. பதினொன்றுக்கு இன்னொன்று. ஒவ்வொரு வண்டிக்கும் நந்தகோபாலுக்குக் கை அரித்தது.

பகல் ஒரு மணி வரை பார்த்தார்கள். தானியேலின் நிழல்கூட அந்தப் பக்கம் வரவில்லை. மூன்று பேரையும் வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டே ஊர் திரும்பினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மகளின் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தில் சாவித்திரி முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக் கொண்டிருந்தாள். அவளுடைய இடது கட்டைவிரலில் நீல மை அப்பியிருந்தது.

"எங்கடி அவ?"

"ரெண்டு தெரு தள்ளி நம்மூரு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, பத்தரைக்குக் கல்யாணம் முடிஞ்சிது. நீங்க பூட்டறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்களாம். நோட்டீஸ் போர்டுல ஒரு மாசமா ரெண்டு பேரு பேரும் தொங்கிச்சாம். நீங்க கார்டை மட்டும் படிச்சீங்க. சாட்சிக்கு நானும் கைநாட்டு வெச்சேன். இந்நேரம் பெங்களூர் போய் எறங்கியிருப்பாங்க."

நந்தகோபால் அவளை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷம் வாய் திறக்காதவள் இவள்தானா என்று இருந்தது.

"நீயாடி கதவைத் தொறந்துவுட்ட? என் வூட்டுல, என்னைக் கேக்காம? பயமில்ல உனக்கு?"

சாவித்திரி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அரக்கருங்க நாலு பேரும் அரக்கோணத்துல நிக்கறப்ப எனக்கு இன்னாங்க பயம்?"