அடைகாக்கும் கவுதாரி

பேராசிரியர் படத்தின் முன்னால் போய் நின்றதும் ஓவியக்காரி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

தன் மாடி ஓவிய அறையில் துணியை விலக்கியது அவள்தான். ஆறடி உயரப் படம். எண்ணெய் வண்ணத்தின் வாடை இன்னும் போகவில்லை.

படத்துக்குள் பேராசிரியர் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் பாதி உரித்த எலுமிச்சம்பழம், தோல் சுருண்டு தொங்கியது. நாற்காலிக்குக் கீழே ஒரு முகமூடி. முழங்கையோரம் ஒரு வைக்கோல் கூடு. அதில் ஒரு கவுதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. வயிற்றுக்கடியில் ஒரே ஒரு முட்டை எட்டிப்பார்த்தது.

ஐரோப்பாவின் பழைய ஓவியங்களில் பொருள்கள் சும்மா கிடப்பதில்லை. மேசையில் எலுமிச்சம்பழம் இருந்தால், வரைந்தவனுக்குத் தாகம் எடுத்தது என்று அர்த்தமில்லை. கண்ணுக்கு மினுமினுப்பு, நாக்குக்குப் புளிப்பு. அதைத்தான் அந்தப் பழம் சொல்லும். முகமூடி என்றால் வஞ்சகம். இவை இரண்டையும் பலர் சொல்லிவிடுவார்கள்.

கவுதாரியைச் சொல்பவர்கள் குறைவு.

அந்தக் காலத்து விலங்குக் கதை ஏடுகள் அதைத் திருட்டுப் பறவை என்றன. அடுத்த பறவையின் கூட்டிலிருந்து முட்டையைத் தூக்கிவந்து, தான் இட்டதுபோலவே அடைகாக்குமாம். நிஜக் கவுதாரி, பாவம், அப்படியெல்லாம் செய்வதில்லை. ஆனால் ஏட்டை எழுதியவர்கள் பறவையைக் கேட்டுக்கொண்டா எழுதினார்கள்?

இதெல்லாம் பேராசிரியரின் இரண்டாவது புத்தகத்தில், பறவைகள் அத்தியாயத்தில் விவரமாக இருக்கிறது.

எழுதியது அவள்.

நூலகத்தில் நான்கு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதிய ஆய்வேடு. திருத்தித் தருகிறேன் என்று வாங்கிப்போனார். திரும்பி வந்தபோது அது அச்சடித்த புத்தகமாக இருந்தது. அட்டையில் அவர் பெயர்.

கேட்கப் போனவளிடம், "நன்றியுரையில உன் பேரைப் போட்டிருக்கேனேம்மா, பாக்கலையா?" என்றார், ஏதோ உபகாரம் செய்தவர் மாதிரி.

அவள் படிப்பை விட்டாள். ஆளை உட்காரவைத்து முகம் வரையும் தொழிலுக்கு வந்தாள். பதினோரு வருஷம் கழித்து, ஓய்வு பெறப்போகும் பேராசிரியரின் படத்தைக் கல்லூரிக் கூடத்தில் மாட்டுவது என்று முடிவானபோது, "என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்கா, அவதான் வரையணும்" என்று அவரே சொல்லியனுப்பினார்.

வலிய வந்து உட்கார்ந்தார். அவள் விடுவாளா?

அவர் தன் பெயரில் வந்த அந்தப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால்கூடப் போதும். கவுதாரியைப் பார்த்த கணமே அவருக்கு முகம் வெளுத்துவிடும். படத்தைக் கிழித்துப் போடச் சொல்வார். புரட்டவே இல்லையென்றால், படம் கூடத்தில் ஏறும். அவர் புத்தகத்தைப் பாடமாகப் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அதன் எதிரே உட்கார்ந்து, அவரை எழுத்துக்கூட்டிப் படிக்கும். இன்றைக்கும், அவர் போன பிறகும்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூட்டை நோக்கிக் குனிந்தார்.

"கவுதாரிக் கறின்னா எனக்கு உயிருன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"காதுல விழுந்தது சார்."

"பலே ஆளு! தலையில மட்டும் இன்னும் நாலு முடி சேத்துப் போடு. மத்தபடி ஒரு குறையும் இல்ல."

சிரித்துக்கொண்டே காரை எடுக்கப் படியிறங்கினார். காலடிச் சத்தம் தேய்ந்தபோது, பதினோரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் மெல்ல நகர்ந்தது.

அப்போதுதான் அவர் மனைவி இன்னும் போகவில்லை என்பதைக் கவனித்தாள்.

அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் கணவருடன் வருவார், மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது எழுந்து படத்தருகே வந்தார். அவருடைய விரல் எலுமிச்சையில் தொடங்கியது, முகமூடிக்கு இறங்கியது, கூட்டில் வந்து நின்றது. வரியோடு விரலோட்டிப் படிப்பவரைப்போல.

தப்பித்தோம் என்று நினைத்த இடத்தில் ஓவியக்காரி மாட்டிக்கொண்டாள். இந்த அம்மாள் கீழே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஒரு முட்டைதான் வெச்சிருக்கே."

"ஆமாம்மா."

"இன்னொன்னு வரை. முதல் புத்தகத்துக்கு."

பழங்களையும் பூக்களையும் பற்றிய அந்த முதல் புத்தகம் வந்து முப்பது வருஷம் இருக்கும். எலுமிச்சையின் அர்த்தத்தை அவள் கற்றுக்கொண்டதே அதில்தான். அதைப் படித்துச் சொக்கிப்போய்த்தான் அவரைத் தேடிவந்து மாணவியாகச் சேர்ந்தாள்.

"அது... நீங்க எழுதினதாம்மா?"

"என் பேரும் அதுல இருக்கே, பாத்ததில்லையா? 'ராத்திரியெல்லாம் காபி போட்டுக் குடுத்த மனைவிக்கு'ன்னு."

கீழே கார் ஹாரன் அடித்தது. உடனே இன்னொரு தடவை, நீளமாக.

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தூரிகைகள் நிற்கும் ஜாடியை நகர்த்தி ஓவியக்காரியின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்.

"கொஞ்சம் பெரிசாவே வரை. கூடத்துல கடைசி வரிசையில உக்கார்றவங்களுக்கும் தெரியணும்."