குருவிக்கு அழுத மாஸ்டர்

ஸெய்னுதீன் மாஸ்டரின் உள்ளங்கையில் ஒரு நெற்குருவி செத்துக் கிடந்தது. அதைப் பார்த்து அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். சொந்தத் தம்பியின் ஜனாஸாவில்கூட மனுசன் இப்படி அழவில்லை.

"இந்த வாயில்லாச் சீவன் என்ன பாவம் செஞ்சது? ரெண்டு நெல்லுக்கு உசிரக் குடுத்திரிக்கே!"

மூதூர் வாசிகசாலையில் கூடியிருந்த பறவைக் காப்புத் தொண்டர்கள் மூக்கைச் சிந்தினார்கள். அது எழுபத்து நாலாம் ஆண்டு, கூப்பன் அரிசிக்கு மனிதர்களே வரிசையில் நின்று வாடிய காலம். குருவிக்காக அழுவதற்கு மட்டும் நம்மவர்களுக்கு எந்தத் தட்டுப்பாடும் இருக்கவில்லை.

மாஸ்டர் திருகோணமலையில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களை ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும், இவரைப் பறவைப் பைத்தியம் பிடித்திருந்தது. கொழும்பிலிருந்து ஒரு பைனாகுலர் எடுப்பித்து, பச்சைத் தொப்பிகள் தைப்பித்து, டிராக்டரில் மூதூருக்கு வந்து இளைஞர்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்.

தொப்பி தலையில் ஏறியதும் ஸுஹைருக்குத் தலைகால் புரியவில்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் சந்தியில் நின்ற அவனை இதுவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. இப்போது அவன் தொண்டர் படைத் தலைவன்.

"வயல்காரரோட கொழுவப் போகாதீங்க" என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். "முதல்ல குடிக்கத் தண்ணி கேளுங்க. தண்ணி தந்த கையால யாரும் அடிக்க மாட்டாங்க. பிறகு குருவிட கதைய எடுங்க. கதிர் பால் பிடிக்கிற நேரம் கயித்துல டின் கட்டித் தட்டிக் குருவியப் பட்டினி போடுறது பெரிய பாவம் எண்டு சொல்லி, டின் எல்லாத்தையும் கையோட வாங்கிட்டு வாங்க."

"வாங்கி நசுக்கிப் போடுறதா சேர்?" என்றான் ஸுஹைர்.

மாஸ்டர் பதறிவிட்டார். "சேச்சே! நசுக்கவும் வேணா, கயித்த அறுக்கவும் வேணா. கட்டினபடியே முழுசாக் கொண்டு வாங்க. டவுன்ல கண்காட்சி வைக்கப் போறன். மனுசன் செய்ற கொடுமைய சனம் பாக்கட்டும்."

தொண்டர்கள் கைதட்டினார்கள். ஒரு பள்ளிக்கூட அதிபர் சொன்னால் மறுத்துக் கேட்டு நம் ஊருக்குப் பழக்கமில்லை. இரண்டு நாளில் மூதூரே தன் டின்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டது.

மிஞ்சியது ஸுஹைரின் மாமி றுக்கியாதான். புருஷனை இழந்த அவளுக்கு இருந்ததெல்லாம் அரை ஏக்கர் வயல். வரம்பில் ஒரு குடில் போட்டு, விடிந்ததிலிருந்து டின் கட்டிய கயிற்றை இழுத்து இழுத்து அவளுடைய கை காய்த்துப் போயிருந்தது.

"மாமி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

"குடம் அந்தா இரிக்கி. நீ எப்ப இருந்துடா கேட்டுக் குடிக்கத் தொடங்கினாய்?"

ஸுஹைர் குடித்தான். பிறகு பாடமாக்கி வந்ததை எடுத்து விட்டான். "குருவியும் அல்லாஹ்ட படைப்புத்தானே மாமி..."

"அப்ப நான் ஆருட படைப்பு? குருவி பால உறிஞ்சினா மிஞ்சுறது பதர். மாரிக்கு நானும் புள்ளையும் எதத் திங்கிற? ஒங்கட மாஸ்டர்ர தொப்பியையா?"

ஸுஹைரின் முகம் தொங்கிப் போனது. "எல்லாரும் தந்திட்டாங்க மாமி. பக்கத்து வயல் மக்டலின் அக்காவும் தந்திட்டா. சொந்த மாமியத் திருத்த ஏலாதவன் தலைவனா எண்டு மாஸ்டர் தொப்பியக் கழட்டிருவார்."

றுக்கியா அவனைப் பார்த்தாள். சந்தியே கதியென்று கிடந்த பிள்ளை தலைவாரி, சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். அவளுக்குக் குருவிமேல் இரக்கம் வரவில்லை, மருமகன்மேல் வந்துவிட்டது.

"போறது போகட்டும். நீ நல்லா இரி மகன்" என்று கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள்.

அவன் வரம்பைத் தாண்டுவதற்குள் குருவிக் கூட்டம் அவளுடைய கதிரில் இறங்கிவிட்டது. ஸுஹைர் திரும்பிப் பார்த்துப் பெருமைப்பட்டான்.

வாசிகசாலைக்கு வந்தபோது, சேர்ந்த டின்களை ஏற்றிக்கொண்டு மாஸ்டரின் டிராக்டர் புறப்பட்டுவிட்டிருந்தது. திருகோணமலை டவுனுக்கு லோஞ்ச் படகு ஏறுகிற இறங்குதுறை ஒரு பக்கம், டிராக்டரின் தடம் போனதோ குளத்துப் பக்கம். கண்காட்சியை அங்கே மாற்றியிருப்பார்கள் என்று மூளையுள்ள நம் தலைவன் முடிவு கட்டினான். மாமியின் டின்களைச் சைக்கிளில் தொங்கவிட்டு, ஊரெல்லாம் கேட்கக் கடகடவென்று மிதித்தான்.

குளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய வயலோரம் டிராக்டர் வெறும் பெட்டியோடு நின்றது. முழங்கால் சேற்றில் நின்ற ஓர் ஆள், அவர் பெயர் பேணாட், கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மாஸ்டர்ர கண்காட்சி எங்க?"

பேணாட் அவனுடைய தொப்பியைப் பார்த்தார். பிறகு சைக்கிளில் தொங்கியதைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது.

"என்ன கண்காட்சி? மாஸ்டர் குத்தகைக்கு எடுத்த பதினஞ்சு ஏக்கரும் பால் பிடிச்சு நிக்குது. அந்த டின்னையும் தாங்கோ தம்பி, தெக்கு வரம்புக்குக் கட்டப் போதாது!"