டீசல் சத்தம்

"கிணத்தடியில வழுக்கினா கால் இப்பிடியோ பிள்ளை முறியும்?" என்று ஆஸ்பத்திரியில் தாதி ஒருமுறை தயாளினியிடம் கேட்டாள். தயாளினி கூரையைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றாள். கட்டிலின் கால்மாட்டில் அவளுடைய புருஷன் தர்சன் நின்றுகொண்டிருந்தான்.

அந்த இடக்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. இப்போது கப்பல்துறையில், முனீப்பின் கராஜில், அதை நீட்டிக்கொண்டு ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தாள். திருத்தக் கொண்டுவந்த ஜீப் அவளுடைய அப்பா அவள் பேரில் விட்டுப்போனது. கையெழுத்துத் தேவைப்படும் என்று தர்சன் அவளையும் கூட்டி வந்திருந்தான்.

ஜீப் புகைச் சோதனையில் தோற்றுவிட்டது. மீன்பிடி வலைகளை ஏற்றிக்கொண்டு மணலுக்குள் இறங்க அவனுக்கு வேறு வாகனம் இல்லை.

"ரெண்டு வழி இருக்கு தம்பி," என்றார் முனீப். "இந்த டீசல் எஞ்சினையே கழட்டிச் செய்யலாம். இல்லாட்டி, நாலு சில்லும் இழுக்கிற, இடிபட்ட வான் ஒண்டிட பெற்றோல் எஞ்சின் கைவசம் இருக்கு. பக்கத்தில நிக்கிறவனுக்கும் சத்தம் கேக்காது."

ஜீப் கடற்கரை வளைவில் திரும்பும்போதே டீசல் சத்தம் தயாளினிக்குக் குசினிக்குள் கேட்கும். அங்கிருந்து வாசல் படலைக்கு வர நூற்றிருபது எண்ணலாம். அதற்குள் போனை அரிசி வாளிக்குள் புதைத்து, முகத்தையும் கழுவிவிடுவாள்.

"பழசையே செய்விப்பமே," என்றாள். "சத்தமில்லாட்டி எனக்குப் பயமாக் கிடக்கும்."

தர்சன் சிரித்தான். "கேட்டீங்களே முனீப் நானா? எட்டாம் வகுப்போட நிண்டவ எஞ்சினைப் பற்றிக் கதைக்கிறா! அப்பாட ஜீப்பைத் திரியாய் வரைக்கும் நாலு தரம் ஓட்டினவவாம். அப்ப எடுத்த லைசன்ஸ் அலுமாரிக்குள்ள கிடந்து பூச்சி அரிக்குது. நீங்க பெற்றோலைப் போடுங்கோ."

வீட்டில் எல்லாம் அப்படித்தான். பச்சை வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகுதான் படலை பச்சையானது. மாமரத்தைத் தறிக்க வேண்டாம் என்று சொன்ன அடுத்த நாளே மாமரம் விழுந்தது.

"அதோட வாற கியர்பொக்ஸ் ஓட்டோமற்றிக்," என்றார் முனீப். "கிளச் கிடையாது. எஞ்சின் உக்காருற இடத்தை வெட்டி வெல்ட் பண்ணணும், பிரேக்கையும் கூட்டணும். கை கியர்தான் வேணுமெண்டா வேற தேடிப் பாக்கணும்."

"ஐயோ, ஓட்டோமற்றிக் வேண்டாம்," என்றாள் தயாளினி. "அவருக்குக் கை கியர்தான் பழக்கம். அவருக்கு ஏலாது."

தர்சனின் முகம் இறுகியது. "எனக்கு ஏலாதோ? நானா, அதையே போடுங்கோ. பேப்பர்க் கரைச்சலைப் பிறகு பாப்பம்."

"அது சரிவராது தம்பி. எஞ்சின் நம்பர் மாறுது, டீசல் பெற்றோலாகுது. முதல்ல அனுமதி, பிறகு சோதனை, பிறகு புத்தகத்தில பதிவு. அது முடியாம இந்த ஜீப் என்ட கேற்றைத் தாண்டாது. பொலிஸ் மறிச்சா உங்களோட என்னையும் சேத்துத்தான் உள்ள போடுவான்."

தர்சன் புறுபுறுத்துக்கொண்டே விண்ணப்பத்தை அவள் மடியில் எறிந்தான்.

"வை கையெழுத்தை. கொப்பர் உன்ட பேரில எழுதிவைச்சிட்டுப் போயிட்டார், அலையிறது நான்."

அவள் மடியில் வைத்தே கோணலாகக் கையெழுத்திட்டாள். "கைநாட்டு வைச்சாலும் இதைவிட வடிவா இருக்கும்," என்றான் தர்சன். முனீப் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஜீப் வீட்டுக்கு வந்தது. அது வந்ததே தயாளினிக்குத் தெரியாது. தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் ஏதோ உறுத்தத் திரும்பினாள். குசினி வாசலில் தர்சன் சாய்ந்துகொண்டு நின்றான். தேங்காய்ப் பாதி கையிலிருந்து நழுவி உருண்டது.

"கேக்கேல்லை, என்ன?" என்றான் மெதுவாக. "இனி நான் எப்ப வருவன் எண்டு உனக்குத் தெரியாது."

எட்டு நாள் அவள் போனைத் தொடவில்லை. இலை விழுந்தாலும் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள், ஞாயிறு. நண்டுக் கறியோடு சாப்பிட்டுவிட்டுத் தர்சன் யன்னலோரக் கட்டிலில் படுத்தான். யன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் ஜீப் நின்றது. சாவி அவன் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது.

தயாளினி எட்டிச் சாவியைக் கழற்றியபோது குறட்டை நின்றது. அவள் அசையவில்லை. அவன் மூக்கைச் சொறிந்துகொண்டு சுவர்ப்பக்கம் புரண்டான். குறட்டை மறுபடி வந்தது.

ஜீப்பில் ஏறி, மிதிக்கக் கிளச் இல்லாததால் மடங்காத இடக்காலை ஒரு பக்கமாக நீட்டி வைத்தாள். வலக்காலால் பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருகினாள். யன்னலுக்குள் குறட்டை அப்படியே இருந்தது.

கராஜில் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியே தனக்கு வேண்டிய இரண்டையும் அவனைக்கொண்டு போடுவித்தவள், சொல்லாமல் கொள்ளாமல் கண்டி வீதியில் ஏறினாள்.