கடைசி ஐந்து கிணறுகள்

கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

எங்கே போட வேண்டும் என்றுகூட முடிவாகியிருந்தது.

"போடுட்டி. ரெண்டு நிமிச வேல," என்றாள் ஜெபினா. பள்ளி ஆய்வக மேசையில், கழுவிக் கவிழ்த்திருந்த பியூரெட்டுகளுக்குப் பக்கத்தில், நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தை வைத்தாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு சிப்ஸ்.

அங்கே வேதியியல் ஆசிரியையாக இருக்கும் அவள் அதைத் தொடவில்லை.

கல்லூரியில் இருவருக்கும் ஒரே மேசை. கடைசி வருட ப்ராஜெக்ட்டும் சேர்ந்தேதான். நாற்பது கிணறுகள், தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு, ஆளுக்கு இருபது. அதை ஜெபினா எப்போதோ கட்டுரையாக வெளியிட்டிருக்கிறாள். இப்போது அது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம். உடன் எழுதியவர் ஆட்சேபணை இல்லையென்று எழுதித் தர வேண்டுமாம்.

"உன் பேரையும் போட்டிருக்கேம்லா. விட்டுரல பாத்தியா."

பெரிய மனசு.

அன்று தன் பங்கான இருபதில் பதினைந்து கிணறுகளுக்கு அவள் போனாள். வெயிலில் நின்று பாட்டிலில் பிடித்து வந்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை சோதித்தாள். பிறகு அப்பா ஐ.சி.யு.வில் கிடந்தார். பத்து நாளும் ஜெபினா எட்டிப் பார்க்கவில்லை. ஒரே மெசேஜ்தான் திரும்பத் திரும்ப வந்தது: ரீடிங் எப்ப தருவ?

பத்தாம் நாள், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, மீதி ஐந்து கிணறுகளுக்கும் எண்களை அவளே மனதுக்குத் தோன்றியபடி எழுதி அனுப்பினாள்.

நன்றி என்று உடனே பதில் வந்தது.

மறுநாள் அப்பா இறந்தார்.

"ஒண்ணு தெரியுமா? அந்தக் கடைசி அஞ்சு கிணறுதான் மொத்த தீசிசுக்கும் உயிரு," என்றாள் ஜெபினா. "அது இல்லன்னா நான் சொல்லுத எதுவுமே நிக்காது. வைவாவுல அதத்தான் நோண்டுவாங்க."

கையெழுத்திடப் போன அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள்.

என்ன கோபம் இருந்தாலும், பொய் எண் பொய் எண்தான்.

"ஜெபி, அந்த அஞ்சு கிணறு..."

"ஆங், கேக்க மறந்துட்டேன் பாரு. அப்பா எப்படியிருக்காங்க?"

ஜெபினாவின் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.

அதுதான் தாங்க முடியவில்லை.

"நல்லா இருக்காங்க," என்றாள்.

கையெழுத்திட்டாள். கீழே தேதியையும் தெளிவாக எழுதினாள்.