மூன்று மணிக் கனவு

காணாமல் போனவை நாற்பது செம்புக் கம்பிச் சுருள்கள். கிடங்கின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி போட்டு, மரியாதையாகத் திறந்திருந்தார்கள். சாவி இரவு முழுக்கக் காவல்காரரின் இடுப்பில்தான் இருந்தது.

"ராத்திரி தூங்கினியா, முழிச்சிருந்தியா?" என்றார் இன்ஸ்பெக்டர், மேனேஜரின் நாற்காலியில் சாய்ந்தபடி.

"பதினஞ்சு வருஷ சர்வீஸ் சார். டூட்டியில கண்ணை மூடினதே இல்ல."

"அப்ப நீ பாத்துக்கிட்டு இருக்கும்போதே லாரி வந்து, ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. வா, ஸ்டேஷன்ல டீ குடிச்சுக்கிட்டே பேசலாம்."

அந்த 'டீ' என்றால் அடி என்று தெரிந்த மேனேஜர் பதறி முன்னால் வந்தார். பாவம், எறும்பை மிதித்தாலும் இரண்டு நாள் சாப்பிடாத ஆசாமி.

"ஒரு நிமிஷம் சார்! காவலுக்கு வர்றவங்க தூங்கக்கூடாதுன்னு போன மாசம்தான் மணிக்கட்டுல கட்டுற பட்டை வாங்கிக் குடுத்தேன். ராத்திரிக் கதை பூரா என் போனுக்கு வந்துடும். இதோ பாருங்க."

போனில் நீலமும் ஊதாவுமாக மேடு பள்ளங்கள்.

"வெளிர் நீலம் லேசான தூக்கம், தட்டினா எழுந்துடலாம். கருநீலம் ஆழ்ந்த தூக்கம், இடி விழுந்தாலும் தெரியாது, இடுப்புச் சாவியை உருவினாலும் தெரியாது. ஊதா, கனவு வர்ற நேரம். ஒண்ணரையிலேருந்து ரெண்டே முக்கால் வரைக்கும் கருநீலம். அப்புறம் மூணேகால் வரைக்கும் ஊதா."

எதிர்க்கடைக் கேமராவில் லாரி புறப்பட்டது சரியாக மூன்று மணிக்கு.

"சும்மா படுத்துக் கிடந்தாலும் இப்படிக் காட்டுமோ?"

"கொஞ்சம் ஏமாறும் சார். ஆனா நாடியைப் பாருங்க, அம்பத்திரெண்டு! திருடுறவனுக்கு அம்பத்திரெண்டா துடிக்கும்? உங்க முன்னாடி சும்மா நிக்கிற எனக்கே தொண்ணூறு."

"அந்த மிஷின் பொய் சொல்லுது சார்!" காவல்காரர் குறுக்கே பாய்ந்தார். "நான் தூங்கவே இல்ல!"

"யோவ், வாயை மூடுய்யா!" மேனேஜர் பல்லைக் கடித்தார். "தூங்கினேன்னா வேலைதான் போகும். தூங்கலைன்னா நீயே உள்ள போயிடுவே!"

காவல்காரர் தரையைப் பார்த்தார். கண் கலங்கியது.

"தூங்கிட்டேன் சார்."

பதினைந்து வருட மானம் அந்த ஒரு வார்த்தையில் போனதைப் பார்க்க மேனேஜருக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணு மணிக்குக் கனவு வேற" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். "அப்படி என்னய்யா கனவு?"

"ஞாபகம் இல்லீங்க."

காவல்காரர் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். வாசல்வரை கூடவே வந்த மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். "மனசு விட்டுடாதே. இப்படித் தூக்கம் வர்றதும் ஒரு கொடுப்பினைதான்."

வீட்டில் மனைவியின் தம்பி பாயில் சுருண்டிருந்தான். பிறந்ததிலிருந்து தூக்கம் தவிர எந்த வேலையிலும் நிலைக்காதவன். ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"என்ன மாமா, விட்டுட்டாங்களா? உங்க காவல் ரூம் பெஞ்சு முதுகை ஒடிச்சிடுச்சு."

காவல்காரர் பாயோரம் உட்கார்ந்தார்.

"அது கிடக்கட்டும் மாப்ளே, பட்டையை உன் கையில கட்டிவிட்டுட்டு மூணு மணிக்கு நான் லாரியை அனுப்பிக்கிட்டு இருந்தப்போ நீ என்ன கனவுடா கண்டே? இன்ஸ்பெக்டர் கேட்டாரு, முழிச்சிட்டு நின்னேன்."