போய் வந்த நாடுகள்

குன்னூர் மண்டபத்தில், பொருளாதார நிபுணர் சண்முகசுந்தரத்துக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. கென்யாவில் மூன்று வருடம், அங்கிருந்து சிலோன், அங்கிருந்து மலேசியா என்று அவர் வேலை பார்த்த நாடுகளையெல்லாம் சொல்லிப் புகழ்ந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த மனைவி லீலாவதிக்குக் கண் கலங்கவே இல்லை. வருடத்துக்கு ஒரு மாதம் வீட்டுக்கு வந்து போனவரை நினைத்து எதை அழுவது?

பின்னால் யாரோ விம்மினார்கள். திரும்பினாள். டீ கொடுக்க வந்த கருப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். போன வருடம்தான் சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவள்.

சிலோனா? அவரும் அங்கே இருந்தவர்தானே? கூட்டம் முடிந்ததும் லீலாவதி அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அவரை உனக்கு அங்கேயே பழக்கமா?"

"இல்லைங்கம்மா. இன்னிக்கு போட்டோவுலதான் பாக்குறேன்."

"பொய் சொல்லாதே. கட்டின பொண்டாட்டி நானே அழலை. உனக்கு எதுக்கு இந்த அழுகை?"

கருப்பம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடியுரிமை இல்லேன்னு எங்களை ஒரு நாட்டுல இருந்து வெளியே அனுப்புனதுக்கே நாங்க இன்னும் எந்திரிக்கலைங்கம்மா. பாவம், ஐயாவை இத்தனை நாட்டுல இருந்து அனுப்பியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு நீங்களும்தானே அவரு பின்னால அலைஞ்சிருப்பீங்க?"

பாஸ்போர்ட்டே எடுத்திராத லீலாவதி, அப்போதுதான் உடைந்து அழுதாள்.