சிவப்புக் காருக்கு நாலு ரயர்

"ஒருத்தன் ரயர் வாங்கிற விதத்தைப் பாத்தே அவன்ர சாதகத்தை முழுக்கச் சொல்லிப்போடுவன், அருள்நாயகம். நீ பேசாமல் இருந்து பார்!"

பாக்கியராசா நீல ஜாக்கெட்டின் ஸிப்பை இழுத்து மூடினார். நெஞ்சில் 'றொபேட்' என்று நூலால் தைத்திருந்தது. கடையில் ரயர் விற்கிற றொபேட்டுக்கு அன்று லீவு. கடை முதலாளி அருள்நாயகத்துக்குத் தன் பழைய சிநேகிதனின் கோலத்தைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"எல்லாம் சரி, றொபேட்டுக்கு நெத்தியில விபூதி கிடக்கு," என்றார்.

பாக்கியராசா அவசரமாக அழித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவருடைய மகள் கஜனி, "கட்டினால் கிருபனைத்தான் கட்டுவன்" என்று சொல்லிவிட்டாள். பொடியன் இஞ்சினியர், நல்ல குடும்பம், ஒரு குறையும் இல்லை. ஆனால் போன கிழமை ஒருவர் வந்து, அவனை ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் கண்டதாகப் பற்றவைத்துவிட்டுப் போனார். அன்று தொடக்கம் பாக்கியராசாவுக்கு நித்திரை இல்லை. இருப்பது ஒரே பிள்ளை. இன்று இரவு கஜனிக்கு ஓம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து, அதே கிருபன் பனிக்கால ரயர் போட நாலு மணிக்கு வருகிறான் என்று அருள்நாயகம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். பாக்கியராசா விடுவாரா? அவர் அவனைப் படத்தில் பார்த்திருக்கிறார். அவன் இவரைக் கண்டதே இல்லை.

நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் சிவப்புக் கார் வாசலில் வந்து நின்றது. தொண்ணூற்றாறாம் ஆண்டின் முதல் பனி அதன் கூரையில் படிந்திருந்தது. கிருபன் சப்பாத்தைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"வாங்கோ தம்பி. பின்சில்லு இழுக்கிற கார்தானே? பின்னுக்கு ரெண்டு போட்டால் காணும். ஏன் வீண் செலவு?" பாக்கியராசா தூண்டிலைப் போட்டார்.

"இல்லை, அங்கிள். முன்னுக்குப் பிடி இல்லாட்டில் வளைவில கார் திரும்பாது. நாலும் வேணும்."

பத்துப் புள்ளி, என்று மனதுக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்ப இந்த அகலமானதைப் பாருங்கோ. உந்தக் காருக்கு நல்ல எடுப்பா இருக்கும்."

"எடுப்பைக் கோடையில பாப்பம். அகல ரயர் பனிக்கு மேல வழுக்கிக்கொண்டு போகும். ஒடுக்கமானதைத் தாங்கோ, அதுதான் பனியை வெட்டிக்கொண்டு போய் றோட்டைப் பிடிக்கும்."

இன்னும் பத்து.

"இது நாலு வருசப் பழசு, ஆனால் பாவிக்கேல்லை. அரை விலைக்குத் தரலாம்."

கிருபன் ரயரை நகத்தால் அழுத்திப் பார்த்தான். "ரப்பர் இறுகிப்போச்சு, அங்கிள். ஆளைக் கொல்லப் பாக்கிறியளே?"

அதுக்கும் பத்து. சும்மா சொல்லக்கூடாது, மூளை உள்ள பொடியன்தான். பாக்கியராசாவுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் முக்கியமான கேள்வி இன்னும் இருந்தது.

"கார் ஓட்டம் எப்பிடி? வேகமோ?"

கிருபன் தலையைச் சொறிந்தான். "உண்மையைச் சொன்னால்... வேகம்தான். இந்த வருசம் மட்டும் 401 ஹைவேயில பொலிஸின்ர ரிக்கற் மூண்டு. பிறேக் பிடிக்கிறதும் கடைசி நிமிசத்திலதான். அதாலதான் ரயரில நான் கஞ்சத்தனம் பாக்கேல்லை."

முப்பது புள்ளியும் போச்சு!

"கார் கூடுதலா எங்க நிக்கும்? கராஜிலயோ?"

"எங்க கராஜ்! வெளியிலதான், அஜக்ஸ் ஸ்ரேசன் பார்க்கிங்கில."

பாக்கியராசாவுக்குச் சுரீர் என்றது. கஜனி தினமும் வேலைக்கு ரெயில் ஏறுகிற இடம் அது. காலை ஏழு மணிக்கு அவளைச் சாப்பாட்டுப் பெட்டியோடு அங்கே இறக்கிவிடுவதே அவர்தான். அங்கே மூலையில் நிற்கிற சிவப்புக் காரையும் எத்தனையோ நாள் கண்டிருக்கிறார். "எந்த விசரன்ர காரோ" என்று ஒருநாள் அவர் கேட்க, "ஆருக்குத் தெரியும், அப்பா" என்று கஜனி வேறு பக்கம் பார்த்தது இப்போது ஞாபகம் வந்தது. ஓகோ! இந்த மன்மதன் விடியவே அங்கே வந்து பிள்ளைக்காகக் காவல் நிற்கிறானாக்கும்!

கோபம் மூக்குக்கு மேல் வந்தது. முடிவெடுத்துவிட்டார். இல்லை என்பதுதான் பதில். இந்த வேகக்காரனிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க அவரால் முடியாது.

"தம்பி, குறை நினைக்காதையுங்கோ. உப்பிடிக் கார் ஓடுற ஆளை நம்பி ஆரும் கலியாணம் கட்டுவினமோ?"

கிருபன் வாய் நிறையச் சிரித்தான். "ஏன் கட்டாயினம், அங்கிள்? இண்டைக்கு இரவு அவவின்ர வீட்டில நல்ல பதில் சொல்லுவினம். எனக்கு முழு நம்பிக்கை இருக்கு."

"சொல்லுவினம், சொல்லுவினம்," என்று பாக்கியராசா பல்லைக் கடித்தார்.

நாலு ரயரையும் பூட்டி முடித்தார்கள். கவுண்டரில் அருள்நாயகம் வொரன்ரி படிவத்தை எடுத்தார். "கிருபன் எண்டே எழுதட்டோ, தம்பி?"

"ஐயோ, கார் என்ர இல்லை. நான் சப்வே ரெயிலில போற ஆள். கஜனி பாக்கியராசா எண்டு எழுதுங்கோ."

அருள்நாயகத்தின் பேனை அப்படியே நின்றது.

கிருபன் பாக்கியராசாவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "றொபேட் அங்கிள், உது வெளியில போகக்கூடாது, என்ன? அவவின்ர அப்பா பாவம். மகள் ரெயிலில போறா எண்டு நினைச்சு, ஒவ்வொரு நாளும் ஸ்ரேசனில கைகாட்டிப்போட்டுப் போறவராம்."